எம்ஜிபி காரில் கம்பனி போட்டது எது, மலையில் மாற்றியது எது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹட்டன் பக்கம் சின்னதாக ஒரு கராஜ் வைத்திருக்கிறேன். பழைய இங்கிலீஷ் கார்கள்தான் அதிகம் வரும். அதிலும் எம்ஜிபி வாங்கப் போகிறவர்கள், வாங்கி மாட்டிக்கொண்டவர்கள் என்று இரண்டு சாராரும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள் சில உண்டு. எல்லாம் எஞ்சினில் தொடங்கிப் பின் சில்லு வரை போகிற பாகங்களைப் பற்றியவை. ஒவ்வொருவருக்கும் போனில் சொல்லித் தொண்டை வறண்டதால் எழுதி வைக்கிறேன்.

எம்ஜிபி என்றால் எந்த வருடத்துக் கார்? எதெல்லாம் ‘ஒப்ஷன்’ கணக்கில் வரும்?

1962இல் இங்கிலாந்தின் அபிங்டன் தொழிற்சாலையில் தொடங்கி 1980 வரை செய்தார்கள். 1798 சீசீ எஞ்சின், பீ சீரிஸ் என்பார்கள். கூரை மடிக்கிற இரண்டு சீட்டுக் கார் முதலில் வந்தது. பின்னால் கதவு வைத்த ஜிடி 1965இல் வந்தது.

இந்தக் காருக்குக் கம்பனியே விரும்பினால் போட்டுத் தந்தவற்றில் முக்கியமானது ஓவர்டிரைவ், அதாவது கியர் பொக்ஸின் பின்னால் இருந்து அதே வேகத்தில் எஞ்சின் சுற்றைக் குறைக்கிற சாமான். அடுத்தது கம்பிச் சில்லு, அதற்கேற்ற பின் எக்ஸலுடன். 1967 கடைசியில் இருந்து 1973 வரை ஒட்டோமெட்டிக் கியரும் கேட்டால் கிடைத்தது. எஞ்சினில் ஹை கொம்ப்ரஷன், லோ கொம்ப்ரஷன் என்று இரண்டு வகை. அவ்வளவுதான். ஐந்து கியர் பொக்ஸ் இந்தக் காருக்குக் கம்பனி போட்டதே இல்லை. யாராவது ‘ஐந்து கியர், ஒரிஜினல்’ என்றால் அங்கேயே தேநீரைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். ஜப்பான் பொக்ஸ் நல்ல பொக்ஸ்தான், ஆனால் அது வேறு கதை.

‘துரை பாவித்த கார், ஒன்றையும் மாற்றவில்லை’ என்கிறார்கள். நம்பலாமா?

தோட்டத்துத் துரை பாவித்திருக்கலாம். ஒன்றையும் மாற்றவில்லை என்பதைத்தான் நான் நம்ப மாட்டேன்.

காரணம் இருக்கிறது. 1972இல் காணிச் சீர்திருத்தச் சட்டம் வந்தது. 1975இல் கம்பனித் தோட்டங்களும் அரசுக்குப் போயின. வெள்ளைக்காரத் துரைமார் கப்பலேறியபோது கார்கள் கிளாக்கருக்கும் டீ மேக்கருக்கும் கண்டி வியாபாரிகளுக்கும் கை மாறின. ஆனால் 1977இல் பொருளாதாரத்தைத் திறந்துவிடும் வரை இந்த நாட்டில் புது உதிரிப்பாகம் என்பது குதிரைக் கொம்பு. கியர் பொக்ஸ் போனால் இன்னொரு காரைப் பிரித்துத்தான் போட வேண்டும். எஞ்சின் வெடித்தால் எந்த எஞ்சின் கிடைக்கிறதோ அதுதான். அந்தக் காலத்து மெக்கானிக் பாஸ்மார் இல்லாததை வைத்துக் காரை ஓட வைத்தார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஐம்பது வருடம் கழித்து அதையே ‘கம்பனி போட்டது’ என்று விற்பதுதான் பிழை.

நம்பர் தகட்டிலும் ஒரு சின்னத் தடயம் உண்டு. இங்கே ‘ஸ்ரீ’ எழுத்து வைத்த நம்பர் 1950களின் பிற்பகுதியிலேயே வந்துவிட்டது. அதன் வரலாறு நம்மவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எம்ஜிபி பிறந்தது 1962இல். ஆகவே ஈஎல், ஈஒய் போன்ற பழைய ஆங்கில எழுத்து நம்பரோடு ஒரு எம்ஜிபி நின்றால், அது வேறொரு காரின் பதிவுப் புத்தகத்தில் வாழ்கிற கார். கழற்றிப் பார்க்கும் வேலையே மிச்சம்.

எஞ்சின் நம்பரை எங்கே பார்ப்பது? அதில் என்ன தெரியும்?

பொனட்டைத் திறந்து, டிரைவர் சீட்டில் இருந்து பார்க்கிற மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். காபரேட்டர் இரண்டும் இடப்பக்கம். டிஸ்ட்ரிபியூட்டரும் டைனமோவும் வலப்பக்கம். அந்த வலப்பக்கத்தில், டைனமோவுக்கு மேலே ப்ளொக்கில் ஆணி அடித்த சின்னத் தகடு இருக்கும். நுவரெலியா, நானுஓயா ஈரத்தில் நின்ற கார் என்றால் தகடு கறுத்துப் போயிருக்கும். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடையுங்கள். கம்பி பிரஷ் வேண்டாம். எழுத்தே போய்விடும்.

தகட்டில் முதல் துண்டு எஞ்சினின் வகை. ஆரம்பத்தில் 18ஜி, பிறகு 18ஜிஏ. இரண்டும் கிராங்க் ஷாஃப்டுக்கு மூன்று பெயரிங் உள்ளவை. 1964 ஒக்டோபரில் ஐந்து பெயரிங் எஞ்சின் வந்தது, அது 18ஜிபி. 1967 கடைசியில் மார்க் டூ, அதாவது காரின் இரண்டாம் பதிப்பு வந்தபோது 18ஜிடி (18GD, ஜிடி கார் இல்லை). 1971இல் இருந்து 18வி.

நடுத்துண்டில்தான் நமக்கு வேண்டியது இருக்கிறது. பலர் இதைப் பார்ப்பதே இல்லை. பழைய கார்களில் ‘யு’ என்று மட்டும் இருந்தால் சாதாரண கியர் பொக்ஸ். ‘ஆர்யு’ என்று இருந்தால் அந்த எஞ்சின் ஓவர்டிரைவ் பொக்ஸோடு போவதற்காகச் செய்யப்பட்டது. மார்க் டூவில் இதே விஷயம் ‘டபிள்யூஈ’, ‘ஆர்டபிள்யூஈ’ என்று மாறியது. ‘ஆர்சி’ என்றால் ஒட்டோமெட்டிக். அதற்குப் பின்னால் வரும் ‘எச்’ ஹை கொம்ப்ரஷன், அதாவது 8.8க்கு 1. ‘எல்’ லோ கொம்ப்ரஷன், 8க்கு 1. நல்ல பெற்றோல் கிடைக்காத ஊர்களுக்காக அதைச் செய்தார்கள். ‘எல்’ என்று பார்த்துவிட்டு ‘ஏதோ மட்டமான எஞ்சின்’ என்று விலை குறைக்கப் பார்த்த ஒருவரை எனக்குத் தெரியும். அது குறைவான எஞ்சின் இல்லை, அரிதான எஞ்சின்.

18வியில் இந்த எழுத்து முறை இல்லை. மூன்று இலக்க எண்தான் வகையைச் சொல்லும். அங்கே ‘ஆர்’ எழுத்தைத் தேடிக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

தகட்டில் 18 இல்லை, 48ஜி என்று இருக்கிறது. ஏமாற்றிவிட்டார்களா?

இல்லை. எம்ஜியின் தாய்க் கம்பனியான பீஎம்சியே எஞ்சின்களைத் திருத்திப் புதுப்பித்து ‘கோல்ட் சீல்’ என்ற பெயரில் மாற்று எஞ்சினாக விற்றது. 48ஜி அந்த எஞ்சின்களுக்கு உரிய தலைப்பு. கார் பிறந்தபோது இருந்த எஞ்சின் அது இல்லை என்பது உண்மை. ஆனால் கம்பனி கை பட்ட எஞ்சின்தான். அது ஓவர்டிரைவோடு வந்ததா என்பதை மட்டும் அந்தத் தகட்டில் படிக்க முடியாது. வேறு இடத்தில் தேட வேண்டும்.

தகடே இல்லாமல் இரண்டு ஆணி ஓட்டை மட்டும் இருந்தால்தான் யோசிக்க வேண்டும். அப்போது ப்ளொக்கின் பக்கவாட்டில் வார்ப்பிலேயே எழுந்து நிற்கும் 1800 என்ற எண்ணைத் தடவிப் பாருங்கள். இதே குடும்பத்து எஞ்சின் ஒஸ்டின் கேம்பிரிட்ஜ், மொரிஸ் ஒக்ஸ்போர்ட் கார்களிலும் 1489 சீசீ, 1622 சீசீ அளவுகளில் வந்தது. வெளியே பார்க்க அண்ணன் தம்பி மாதிரிதான் இருக்கும்.

டேஷ்போட்டில் ஓவர்டிரைவ் சுவிட்ச் இருக்கிறது. அது போதாதா?

சுவிட்ச் ஐந்து நிமிட வேலை. அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. சுவிட்ச் மட்டும் இருந்து, கீழே ஓவர்டிரைவே இல்லாத கார் ஒன்று என் கராஜுக்கே வந்தது. வாங்கியவர் மூன்று மாதம் அதைத் தட்டித் தட்டி ‘கொஞ்சம் வித்தியாசம் தெரிகிறது’ என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

முதலில் காது. சாவியைத் திருப்புங்கள், எஞ்சினை ஸ்டார்ட் பண்ண வேண்டாம். நாலாம் கியரில் போட்டு சுவிட்சைத் தட்டுங்கள். கீழே இருந்து ‘டக்’ என்று சொலனொய்ட் சத்தம் வர வேண்டும். பழைய கார் என்றால் சத்தம் நன்றாகவே கேட்கும், பிந்தியதில் மெல்லிய சொடுக்குதான். இரண்டாம் கியரிலும் அதே சத்தம் வந்தால், மூன்று, நாலு தவிர மற்றக் கியரில் வேலை செய்யாமல் தடுக்கிற சுவிட்சை யாரோ கழற்றி எறிந்திருக்கிறார்கள். இது விளையாட்டில்லை. ஓவர்டிரைவ் போட்டபடி ரிவர்ஸ் எடுத்தால் உள்ளே உள்ள ஒருவழிக் கிளட்ச் நொறுங்கிவிடும்.

பிறகு கண். காரின் கீழே போய்ப் பாருங்கள். மூன்று சிங்ரோ பொக்ஸ் (முதலாம் கியர் தவிர மற்ற மூன்றும் கடிக்காமல் விழ சிங்ரோ வைத்த பொக்ஸ்) உள்ள கார்களுக்கு, அதாவது 1967 வரைக்கும், லேகொக் டி நோர்மன்வில் கம்பனியின் டி டைப் ஓவர்டிரைவ். அது டொப் கியரை 0.802 ஆகக் குறைக்கும். மார்க் டூவில் இருந்து எல்எச் டைப், 0.82. இரண்டும் ஒன்றுக்கொன்று மாறாது. 1965 காரின் கீழே எல்எச் டைப் தொங்கினால், அது எவ்வளவு நன்றாக வேலை செய்தாலும் பின்னால் வந்ததுதான்.

எல்எச் டைப்பில் இன்னொரு நுணுக்கம் உண்டு, நான் மிகவும் ரசிப்பது. அதன் தகடு கறுப்பு நிறம் என்றால் 22/61972 என்ற எண். நீல நிறம் என்றால் 22/62005. நீலத் தகடு குரோம் போய் ரப்பர் பம்பர் வந்த பிந்திய காலத்துக்கு உரியது. குரோம் பம்பர் மின்னுகிற 1969 காருக்குக் கீழே நீலத் தகடு தெரிந்தால், பேரப்பிள்ளையின் சட்டையைத் தாத்தா போட்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வயரையும் விடாதீர்கள். லூக்காஸ் வயரிங் முறையில் ஓவர்டிரைவுக்கு உரிய நிறம் மஞ்சள். கம்பனி போட்ட வயர் மற்ற வயர்களோடு ஒரே கட்டாகச் சுற்றி வரும். பிறகு போட்டது என்றால் தனியாக, ஏதோ ஒரு நிறத்தில், கிளிப்பில் தொங்கிக்கொண்டு கடைசியில் இன்சுலேஷன் டேப்பில் முடியும்.

சாதாரண பொக்ஸின் பின்னால் ஓவர்டிரைவைப் பூட்ட முடியாதா? அப்படிச் செய்திருந்தால் எப்படித் தெரியும்?

அப்படியே பூட்ட முடியாது. ஓவர்டிரைவ் பொக்ஸின் மெயின் ஷாஃப்ட் வேறு. அதனால் யாராவது பிறகு போட்டிருந்தால் பெரும்பாலும் முழுப் பொக்ஸையே மாற்றியிருப்பார்கள். எஞ்சின் தகட்டில் வெறும் ‘யு’, கீழே ஓவர்டிரைவ் என்றால் கதை அதுதான். எஞ்சின் தகட்டில் ‘ஆர்யு’ இருந்து கீழே ஓவர்டிரைவ் இல்லாத காரும் உண்டு. எங்கேயோ ஒரு வளவில் யாருடைய காரிலோ அது ஓடிக்கொண்டிருக்கும்.

மூன்று சிங்ரோவா நாலு சிங்ரோவா என்று பொக்ஸைக் கழற்றாமல் சொல்ல முடியுமா?

மலைநாட்டுக்காரருக்கு இது சுலபம். ரம்பொட வளைவுகளில் ஏறும்போது முதலாம் கியருக்கு இறக்க வேண்டி வருமே, அங்கே கேளுங்கள். கார் மெல்ல உருளும்போதே முதலாம் கியர் சத்தமில்லாமல் விழுந்தால் நாலு சிங்ரோ. ‘கர்ர்’ என்று பல்லைக் கடித்தால் மூன்று சிங்ரோ. டபுள் கிளட்ச் அடித்தால்தான் விழும். பழைய லொறி ஓட்டியவர்களுக்கு இது கைவந்த கலை. அவர்களை ஓட்டவிட்டு சோதித்தால் மட்டும் விடை தெரியாது, இரண்டிலும் சத்தம் வராது.

சிங்ரோ தேய்ந்த நாலு சிங்ரோ பொக்ஸும் கடிக்கும் என்பதால் இதை மட்டும் நம்ப வேண்டாம். மார்க் டூவுக்கு கியர் டனலையே (பொக்ஸை மூடுகிற தரை மேடு) அகலமாக்கினார்கள், புதுப் பொக்ஸ் பெரியது என்பதால். பழைய கார் பொடியில் புதுப் பொக்ஸை நுழைத்திருந்தால் டனலில் சுத்தியல் அடியோ வெட்டி ஒட்டிய தையலோ இருக்கும். கார்பெட்டைத் தூக்கிப் பார்ப்பதற்கு வெட்கப்படாதீர்கள். மார்க் டூவில்தான் டைனமோ போய் ஒல்டனேட்டரும், பொசிட்டிவ் எர்த் போய் நெகட்டிவ் எர்த்தும் வந்தன. ஸ்டார்ட்டரும் மாறியது. இவையெல்லாம் ஒரே குடும்பமாக இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒன்று மட்டும் தனித்து நின்றால் அங்கே கேள்வி கேளுங்கள்.

டிபரன்ஷியல் மாற்றியிருக்கிறார்களா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. மலையில் ஓடிய காரில் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான்.

டிபரன்ஷியல் என்பது புரப்பல்லர் ஷாஃப்டின் சுற்றைப் பின் சில்லுகளுக்குக் குறைத்துக் கொடுக்கிற பல் சக்கரக் கூட்டம். சில்லு ஒரு தரம் சுற்ற ஷாஃப்ட் எத்தனை தரம் சுற்ற வேண்டும் என்பதே அதன் கணக்கு. எம்ஜிபிக்குக் கம்பனி கணக்கு 3.909. கிரவுன் வீலில் 43 பல், பினியனில் 11. சமவெளி ரோட்டுக்கு அது சரி. ஆனால் கினிகத்தேனையில் இருந்து நுவரெலியா வரை, கடல் மட்டத்தில் இருந்து 1868 மீற்றர் உயரத்துக்கு, வளைவுக்கு வளைவு ஏற வேண்டும் என்றால் அந்தக் கணக்கு கொஞ்சம் நீளம். முந்திய கார் எம்ஜிஏ 1500இன் டிபரன்ஷியல் 43க்கு 10, அதாவது 4.3. அதைப் போட்டால் ஒவ்வொரு கியரிலும் இழுவை பத்து வீதம் கூடும். மஹகஸ்தோட்டை, ராதல்ல மலையேற்றப் போட்டிகளில் ஓட ஆசைப்பட்டவர்களுக்கும் இதே கணக்குத்தான்.

இதைச் செய்வது சுலபமா என்பது எக்ஸலைப் பொறுத்தது. முன்பக்கம் வட்டமாக போல்ட்டுகள் இருந்து, பின்பக்கம் சட்டியைக் கவிழ்த்த மாதிரி மொழுமொழுவென்று இருந்தால் அது பேஞ்சோ எக்ஸல். போல்ட்டைக் கழற்றி டிபரன்ஷியலை முழுசாக முன்னால் இழுத்து எடுக்கலாம். ஒரு பகல் வேலை. பின்பக்கம் தனி மூடியும் போல்ட்டுகளும் இருந்தால் அது டியூப் எக்ஸல், சாலிஸ்பரி வகை. அதில் பல் மாற்றுவது தோட்டத்து வேர்க்ஷொப்பில் நடக்கிற காரியம் இல்லை. கூரை மடிக்கிற காருக்கு 1967 நடுப்பகுதி வரை பேஞ்சோ, பிறகு டியூப். ஜிடிக்கு ஆரம்பம் முதலே டியூப். ஜிடியின் கீழே பேஞ்சோ தெரிந்தால் கேள்வியே வேண்டாம், மாற்றியது.

பேஞ்சோ எக்ஸல் உள்ளே என்ன பல் இருக்கிறது என்று வெளியே நின்றே எண்ணலாம். சமமான இடம் தேடுங்கள் (நம் பக்கத்தில் அதுவே பாதி வேலை). முன் சில்லுகளுக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுங்கள். பின் சில்லு ஒன்றை மட்டும் ஜெக்கில் தூக்கி, ஸ்டேண்ட் வையுங்கள். மற்றச் சில்லு தரையில் இருக்கட்டும். கியர் நியூட்ரல், ஹேண்ட் பிரேக் விடுதலை. தூக்கிய சில்லின் டயரிலும் புரப்பல்லர் ஷாஃப்டிலும் சோக் கட்டியால் ஒவ்வொரு கோடு போடுங்கள். ஒருவர் சில்லைச் சுற்ற, ஒருவர் ஷாஃப்டை எண்ண வேண்டும். ஒரு சில்லு நின்று மற்றது சுற்றுவதால் டிபரன்ஷியல் பாதியாகத்தான் கணக்கெடுக்கும். ஆகவே சில்லு 20 தரம் சுற்றினால் ஷாஃப்ட் 39 தரம் சுற்ற வேண்டும், சொட்டு மேலே. 43 வந்தால் உள்ளே இருப்பது 4.3. இரண்டு சுற்று மட்டும் சுற்றிவிட்டு ‘நாலுக்குக் கிட்ட’ என்று எழுந்துவிடாதீர்கள். நாலுக்குக் கிட்ட இரண்டும் இருக்கிறது.

மலையில்தானே ஓட்டப் போகிறேன், 4.3 இருந்தால் மாற்ற வேண்டுமா?

என்னைக் கேட்டால் வேண்டாம். 3.909இல் டொப் கியரில் ஆயிரம் சுற்றுக்கு மணிக்கு சுமார் 17.9 மைல். 4.3இல் சுமார் 16.3. அறுபது மைல் வேகத்தில் எஞ்சின் சுமார் 330 சுற்றுக் கூடுதலாகக் கத்தும், அவ்வளவுதான். தலவாக்கலைக்கும் நுவரெலியாவுக்கும் இடையில் அறுபது மைல் வேகத்தில் போகிறவருக்கு டிபரன்ஷியல் பற்றிய கவலை தேவையில்லை, அவருக்கு வேறு கவலை இருக்க வேண்டும்.

ஆனால் விற்கும்போது சொல்லிவிடுங்கள். கழற்றிய 3.909 கிடைத்தால் கிரீஸ் பூசி, சாக்கில் கட்டி, காரோடு கொடுங்கள். நான் பார்த்த மிக நேர்மையான விற்பனை பண்டாரவளையில் ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர் செய்தது. காரை விட மூன்று பெட்டி பழைய பாகங்கள்தான் அதிக இடம் பிடித்தன. வாங்கியவருக்கு லொறி வாடகை தனி.

ஸ்பீடோமீட்டர் எதாவது சொல்லுமா?

டயலின் அடியில் சின்ன எழுத்தில் ஒரு எண் இருக்கும். ஒரு மைலுக்கு கேபிள் எத்தனை சுற்று என்பது அது. நாலு சிங்ரோ கார்களில் 1280 பார்க்கலாம், நீலத் தகடு ஓவர்டிரைவோடு 1000. பொக்ஸ் 1280 வகை, மீட்டர் 1000 வகை என்றால் வேகம் கூடுதலாகக் காட்டும். வாங்கப் போன காரில் முள் நாற்பது காட்டும்போது பக்கத்தில் போகிற முச்சக்கர வண்டி முந்துகிறதா? ஒரு பக்கம் எதையோ மாற்றியிருக்கிறார்கள்.

கம்பிச் சில்லு போட்டிருக்கிறது. அது கம்பனி ஒப்ஷன் தானே?

ஒப்ஷன்தான், ஆனால் சில்லு மட்டும் இல்லை. கம்பிச் சில்லு கார்களுக்குப் பின் எக்ஸலே வேறு. டியூப் எக்ஸலில் அது அகலம் குறைந்தது, நுனியில் பல் வெட்டிய ஹப் இருக்கும். சாதாரணச் சில்லு காரில் பிறகு மாட்டுகிறவர்கள் நாலு நட்டில் ஒரு அடெப்டர் பூட்டி அதன்மேல் கம்பிச் சில்லைத் தள்ளுவார்கள். சில்லைக் கழற்றினால் அடெப்டரின் நட்டு தெரிந்துவிடும்.

ஒட்டோமெட்டிக் எம்ஜிபி என்று ஒன்று சொல்கிறார்கள். உண்மையா?

உண்மை. போர்க் வோர்னர் 35 பொக்ஸ். அரிது. மலைக்கு ஏற்றதில்லை. கிடைத்தால் பொக்ஸை மாற்றாமல் அப்படியே வைத்திருங்கள், மாற்றியவர்கள் பின்னால் வருத்தப்படுவார்கள்.

உறுதியான சான்று எங்கே கிடைக்கும்?

இங்கிலாந்தில் கேடன் என்ற ஊரில் உள்ள பிரிட்டிஷ் மோட்டர் மியூசியத்தில் பழைய தொழிற்சாலைப் பதிவேடுகள் இருக்கின்றன. கார் நம்பரைக் கொடுத்துக் கட்டணம் கட்டினால் ‘ஹெரிட்டேஜ் சேர்ட்டிபிகேட்’ தருவார்கள். கார் செய்த திகதி, பிறந்தபோது இருந்த எஞ்சின் நம்பர், நிறம், எந்த நாட்டுக்கு அனுப்பினார்கள், கம்பனியில் போட்ட ஒப்ஷன்கள் என்று அதில் வரும். சிலோன் என்று எழுதி வந்தால் அந்தக் கடதாசியை ஃபிரேம் போடலாம்.

கார் நம்பர் என்பது எஞ்சின் நம்பர் இல்லை. பழைய கார்களில் பொனட்டின் கீழே இடப்பக்க உட்சுவரில் ஒரு தகட்டில் இருக்கும். ஜிஎச்என்3 என்று தொடங்கினால் கூரை மடிக்கிற கார், ஜிஎச்டி3 என்றால் ஜிடி. முதல் ‘ஜி’ எம்ஜி, ‘எச்’ எஞ்சின் அளவு வகுப்பு. மார்க் டூவில் 3 போய் 4 வந்தது, பிறகு 5. நம்பருக்கு முன்னால் ‘எல்’ இருந்தால் இடப்பக்க ஸ்டியரிங். அப்படி ஒரு நம்பரோடு வலப்பக்க ஸ்டியரிங் கார் நின்றால் சேர்ட்டிபிகேட்டுக்கு எழுத வேண்டியதே இல்லை.

அதற்கு முன் இங்கேயே எதையாவது பார்க்க முடியுமா?

பதிவுப் புத்தகம். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிந்த எஞ்சின் நம்பரும் சேஸி நம்பரும் அதில் இருக்கும். புத்தகத்தில் ‘ஆர்யு’ என்று எழுதி, இப்போதைய எஞ்சினில் ‘யு’ என்று இருந்தால் காருக்கு ஒரு காலத்தில் ஓவர்டிரைவ் எஞ்சின் இருந்திருக்கிறது என்று படிக்கலாம். ஆனால் அந்தக் காலத்தில் எழுதியவர்கள் நடுத்துண்டை விட்டுவிட்டு வெறும் எண்ணை மட்டும் எழுதியதும் உண்டு. நடுவில் வரும் சின்னக் கோட்டை எழுத்தென்றும், எட்டை மூன்றென்றும் எழுதியதும் உண்டு. புத்தகமும் தகடும் பொருந்தவில்லை என்றால், விலை பேசுவதற்கு முன் அதைச் சட்டப்படி சரிபார்த்துக்கொள்ளுங்கள். காரின் வரலாறு பிறகு, உங்கள் நிம்மதி முதலில்.

ஓவர்டிரைவ் மலையில் எதற்கு? இல்லாத காரே எடுக்கலாமா?

எடுக்கலாம். ஹட்டனுக்கும் மஸ்கெலியாவுக்கும் இடையில் ஓடுகிறவருக்கு அது ஒரு அலங்காரம். கொழும்புப் பக்கமோ புத்தளம் ரோட்டிலோ நீளமாக ஓடுகிறவருக்குத்தான் பலன். டொப்பில் ஓவர்டிரைவ் போட்டால் ஆயிரம் சுற்றுக்கு மணிக்கு சுமார் 22 மைல் கிடைக்கும். இறக்கத்தில் மட்டும் போடாதீர்கள். கடுகண்ணாவை இறங்கும்போது எஞ்சின் காரைப் பிடித்து நிறுத்த வேண்டும், ஓவர்டிரைவ் அந்தப் பிடியைக் குறைத்துவிடும். பிரேக் சூடேறி மணக்கும்.

பொக்ஸுக்கும் ஓவர்டிரைவுக்கும் ஒரே ஒயில், அதுவும் எஞ்சின் ஒயில்தான், 20-50. கியர் ஒயில் ஊற்றி ‘ஓவர்டிரைவ் கெட்டுவிட்டது’ என்று கொண்டுவந்த கார்களில் பாதி ஒயில் மாற்றியதும் எழுந்து ஓடின.

நாளைக்கு ஒரு காரைப் பார்க்கப் போகிறேன். என்ன எடுத்துக்கொண்டு போக?

டோர்ச், மண்ணெண்ணெய்த் துணி, சோக் கட்டி, ஜெக், ஸ்டேண்ட், நாலு கட்டை, கீழே படுக்க ஒரு சாக்கு. எண்ணுவதற்கு ஒரு ஆள். தகடு எல்லாவற்றையும் போனில் படம் எடுங்கள், படித்து எழுதாதீர்கள். காலையில் போங்கள், நானுஓயாப் பக்கம் மத்தியானத்துக்குப் பிறகு மழை பிடித்தால் காருக்குக் கீழே படுக்க முடியாது. விற்பவர் ‘கீழே எல்லாம் எதற்குப் பார்க்கிறீர்கள், உள்ளே வந்து தேநீர் குடியுங்கள்’ என்றால், தேநீரைக் காரின் பக்கத்துக்கே கொண்டுவரச் சொல்லுங்கள்.